ஈரி கால்வாயில் படகுக் கூட்டம்: மதகுக் கணக்கே பயணக் கணக்கு

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கோதுமையும் மாவும் ஏற்றிச் செல்வதற்காக வெட்டப்பட்ட ஈரி கால்வாயில் இன்று கோதுமைப் படகுகள் போவதில்லை. கோடைக் காலத்தில் சிறிய மோட்டார் படகுகள் ஐந்தும் ஆறுமாகக் கூட்டம் சேர்ந்து போகின்றன. 20 அடியிலிருந்து 25 அடி வரை நீளமுள்ள படகுகள் இவை. உள்ளே இருவர் படுக்க இடமும் ஒரு சிறிய அடுப்பும் இருக்கும். பின்புறம் பெட்ரோல் மோட்டார். காரின் பின்னால் டிரெய்லரில் இழுத்து வந்து தண்ணீரில் இறக்கி, கால்வாயின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை போய்ச் சேர்வது இவர்கள் வழக்கம்.

இதே கால்வாயின் தண்ணீர்தான் மேற்கு நியூயார்க்கில் ஆப்பிள் தோட்டங்களுக்கும் காய்கறி நிலங்களுக்கும் பாய்கிறது. படகுக்காரரும் தோட்டக்காரரும் ஒரே வாய்க்காலை நம்பி இருப்பதால், கால்வாய் எப்போது திறக்கும், எப்போது அடைபடும், மதகு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்ற கணக்குகள் இருவருக்கும் பொதுவானவை. கூட்டமாகப் படகில் போக விரும்புகிறவர்கள் படகைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இந்தத் தண்ணீர்க் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோதுமைக்காக வெட்டிய கால்வாய்

கால்வாய் வருவதற்கு முன்பு ஈரி ஏரிக் கரையிலுள்ள பப்பலோவிலிருந்து நியூயார்க் நகருக்கு ஒரு டன் சரக்கு அனுப்ப ஏறத்தாழ 100 டாலர் செலவாயிற்று. அந்த வண்டிக் கூலியைக் கோதுமை தாங்காது. உள்நாட்டில் விளைந்ததை அங்கேயே தின்ன வேண்டும், அல்லது சாராயமாகக் காய்ச்சி விற்க வேண்டும் என்ற நிலை. மாநில கவர்னராக இருந்த டிவிட் கிளின்டன் முன்னின்று இந்தத் திட்டத்தை நடத்தினார். 1817 ஜூலை 4ல் ரோம் என்ற ஊரில் மண்வெட்டி விழுந்தது. 1825 அக்டோபர் 26ல் கால்வாய் முழுவதும் திறக்கப்பட்டது. நீளம் 363 மைல், மேல் அகலம் 40 அடி, ஆழம் 4 அடிதான். 83 படகு மதகுகள். கரையில் கோவேறு கழுதைகளும் குதிரைகளும் நடந்து கயிற்றால் படகை இழுத்தன. டன்னுக்கு 100 டாலராக இருந்த கூலி 10 டாலர் அளவுக்கு இறங்கியது. கோதுமை அரைக்கும் ஆலைகள் பெருகி, ராச்செஸ்டர் நகருக்கு மாவு நகரம் என்றே பெயர் வந்துவிட்டது.

பின்னர் 1862க்குள் கால்வாய் 70 அடி அகலமும் 7 அடி ஆழமுமாகப் பெரிதாக்கப்பட்டது. இன்றுள்ள கால்வாய் 1905ல் தொடங்கி 1918ல் முடிந்த மூன்றாவது அமைப்பு. ஆழம் 12 அடி. பழைய பாதையைப் பல இடங்களில் கைவிட்டு, ஆறுகளையே தடுத்துக் கால்வாயாக்கிக் கொண்டார்கள். 1959ல் செயின்ட் லாரன்ஸ் கப்பல் வழி திறந்த பிறகு சரக்குப் போக்குவரத்து வெகுவாகக் குறைந்தது. 2017 ஜனவரி முதல் இக்கால்வாயின் நிர்வாகம் மாநில மின்சார ஆணையத்தின் கீழ் இருக்கிறது. அந்த ஆண்டிலிருந்து உல்லாசப் படகுகளுக்கு மதகுக் கட்டணமும் வாங்குவதில்லை.

தலைமடையும் கடைமடையும்

கால்வாயின் மேற்குக் கோடியான டொனவாண்டாதான் தலைமடை. அங்கே ஈரி ஏரியின் தண்ணீர் நயாகரா ஆற்றின் வழியாகக் கால்வாய்க்குள் நுழைகிறது. கிழக்குக் கோடி ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள வாட்டர்போர்டு. இடையே சுமார் 338 மைல். கடல் மட்டத்திலிருந்து 565 அடி உயரத்தில் தொடங்கி, ஏறக்குறைய கடல் மட்டத்துக்கே இறங்கி வருகிறது.

இந்த இறக்கத்தைப் படகு கடப்பதற்காகவே லாக் என்று சொல்லப்படும் படகு மதகுகள் இருக்கின்றன. இரு முனையிலும் கதவு வைத்த நீண்ட கான்கிரீட் தொட்டி என்று சொன்னால் விளங்கும். படகு உள்ளே வந்ததும் பின் கதவை மூடித் தண்ணீரை வடித்தால் படகு தானாகவே கீழே இறங்கும். முன் கதவைத் திறந்தால் கீழ் மட்டத்தில் வெளியே போகலாம். ஏற வேண்டுமானால் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். பம்பு எதுவும் கிடையாது. மேலிருந்து கீழே வரும் தண்ணீரின் பாரமே எல்லா வேலையையும் செய்கிறது. லாக்குகளுக்கு 2 முதல் 35 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். 31 என்ற எண்ணில் லாக் கிடையாது. முதல் மதகு டிராய் நகரில் மத்திய அரசின் பொறுப்பில் இருப்பதால் மாநிலக் கணக்கு இரண்டிலிருந்து தொடங்குகிறது.

எந்தக் கோடியிலிருந்து புறப்படுவது என்பது முதல் கேள்வி. புதியவர்கள் கூட்டமானால் மேற்கிலிருந்து கிழக்கே வருவதே நல்லது. தொட்டி நிரம்பும்போது தண்ணீர் கொந்தளித்துப் படகை அலைக்கழிக்கும். வடியும்போது அந்தத் தொல்லை குறைவு. டொனவாண்டாவிலிருந்து வந்தால் லாக் 24 வரை இறக்கமே. 23, 22, 21 ஆகிய மூன்றில் மட்டும் ஏற்றம். மீண்டும் 20லிருந்து கடைசி வரை இறக்கம். காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிப்பதால் முதுகில்தான் வாங்கும்.

எத்தனை நாள் ஆகும்?

பெரும்பாலான பகுதிகளில் மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக் கூடாது. படகு கிளப்பும் அலை மண் கரையை அரித்துவிடும் என்பது இதற்கு முக்கியக் காரணம். ஏரிகளிலும் அகன்ற ஆற்றுப் பகுதிகளிலும் மட்டும் கூடுதல் வேகத்துக்கு அனுமதி உண்டு. கூட்டத்தில் மெதுவாகப் போகும் படகை வைத்துச் சராசரி 8 மைல் என்று கணக்கிட்டால் 338 மைலுக்கு 42 மணி நேரம். லாக் ஒன்றுக்குக் காத்திருப்பும் சேர்த்து 25 நிமிடம் என்று வைத்தால் 33 லாக்குக்கும் சுமார் 14 மணி நேரம். ஆக 56 மணி. ஒரு நாளில் 6 மணி நேரத்துக்கு மேல் படகோட்டினால் வயதானவர்களும் குழந்தைகளும் தாங்க மாட்டார்கள். எனவே பத்து நாள். இதோடு மழைக்கும் காற்றுக்கும் ரிப்பேருக்குமாக நான்கு நாள் சேர்த்து, இரண்டு வாரம் லீவு இருந்தால்தான் முழுக் கால்வாயையும் நினைக்க வேண்டும். ஒரு வாரம்தான் முடியும் என்பவர்கள் லாக்போர்ட்டிலிருந்து லயன்ஸ் வரையிலான பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். அவசரம் அவசரமாக முழுக் கால்வாயையும் ஓடிக் கடந்தவர்களுக்குக் கரையில் என்ன விளைந்திருந்தது என்பதே தெரிந்திருக்காது.

கால்வாய் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. மே மாத நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைதான் பருவம். குளிர் காலத்தில் மேற்குப் பகுதியில் தண்ணீரை வடித்துவிட்டுக் கரையையும் கதவுகளையும் பழுது பார்க்கிறார்கள். வசந்தத்தில் மெல்ல மெல்ல மீண்டும் நிரப்புகிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் விடும் நாள் தெரியாமல் நாற்றங்கால் போடும் விவசாயி கிடையாது. படகுக் கூட்டமும் அந்த ஆண்டின் திறப்பு, அடைப்புத் தேதிகளையும் லாக் இயங்கும் மணி நேரத்தையும் கால்வாய் நிர்வாகத்தின் அறிவிப்பில் பார்த்த பிறகே நாள் குறிக்க வேண்டும். மே மாதத்தில் பனிக் குளிரும், ஜூலை, ஆகஸ்டில் நெரிசலும் இருக்கும். செப்டம்பர் முதல் மூன்று வாரங்கள் கூட்டத்துக்கு ஏற்றவை. ஆப்பிள் பறிப்பும் அப்போதுதான் மும்முரமாக நடக்கும்.

ஒரு லாக் குடிக்கும் தண்ணீர்

டொனவாண்டாவிலிருந்து வருகிறவர்கள் முதலில் காண்பது லாக்போர்ட்டில் அடுத்தடுத்து அமைந்த 35, 34 என்ற இரட்டை லாக்கு. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 50 அடி இறக்கிவிடும். பக்கத்திலேயே பழைய காலத்து ஐந்து படி லாக்கின் வரிசையும் இருக்கிறது. அதிலிருந்து ராச்செஸ்டர் வரை 60 மைலுக்கு மேல் ஒரு லாக் கூடக் கிடையாது. ஒரே சமமட்டம். சமமட்டமாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தாழ்ந்த நிலங்களின் மேல் மண் கரை எழுப்பிக் கால்வாயைத் தூக்கிக் கொண்டுபோகிறார்கள். படகில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்துத் தோட்டத்தின் மர உச்சியைப் பார்த்துக்கொண்டே போகலாம். மெடினா அருகில் கால்வாய்க்கு அடியிலேயே ஒரு சாலை குடைந்து போகிறது.

இந்த நீண்ட சமமட்டத்தில்தான் பாசனம் அதிகம். நயாகரா, ஆர்லியன்ஸ், மன்ரோ மாவட்டங்களின் நிலங்கள் கால்வாய்க்கு வடக்கே ஒன்டாரியோ ஏரியை நோக்கிச் சரிந்திருக்கின்றன. கரையில் வைத்த குழாய்கள், சைபன்கள் மூலமும், வடக்கே ஓடும் சிற்றோடைகளில் கால்வாயிலிருந்து விடப்படும் தண்ணீர் மூலமும் விவசாயிகள் பயன் பெறுகிறார்கள். ஒன்டாரியோ ஏரிக் கரை ஆப்பிளுக்குப் பெயர் போன இடம். சாதாரண ஆண்டுகளில் மழையே பெரும்பாலும் போதும். ஆனால் 2016 கோடையில் கடும் வறட்சி வந்தபோது கால்வாய் ஓரத்தில் நிலம் இருந்ததன் அருமை தெரிந்தது. 2020ல் மாநில அரசு அறிவித்த 30 கோடி டாலர் கால்வாய்த் திட்டத்தில் இப்பகுதிப் பாசனத்துக்கு உறுதியாகத் தண்ணீர் கிடைக்கச் செய்வதும் ஒரு நோக்கம்.

ராச்செஸ்டரில் லாக் 33 வருகிறது. இதன் இறக்கம் 25 அடி. தொட்டி 328 அடி நீளம், 45 அடி அகலம். பெருக்கிப் பார்த்தால் ஒரு முறை வடிக்கும் தண்ணீர் ஏறக்குறைய 3 லட்சத்து 69 ஆயிரம் கன அடி ஆகிறது. ஏக்கருக்கு 2 அங்குலம் பாய்ச்சுவதாக வைத்துக்கொண்டால் 50 ஏக்கருக்குக் காணும். ஒற்றைச் சிறுபடகு வந்தாலும் இவ்வளவு, பத்துப் படகு சேர்ந்து வந்தாலும் இவ்வளவேதான். பாசனம் நடக்கும் அந்தச் சமமட்டத்திலிருந்து வெளியே போகும் தண்ணீர் இது. ஆறு படகுகள் முன்னும் பின்னுமாக வந்து ஆறு முறை கதவைத் திறக்கச் சொல்வதைவிட, கூடி வந்து ஒரே முறையில் இறங்குவது எவ்வளவு லாபம் என்பதை விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. வெறுமனே பேச்சுத் துணைக்காகக் கூட்டம் சேர்வதாக நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

மண் கரை என்பதால் ஆபத்தும் உண்டு. 1974ல் ராச்செஸ்டருக்குத் தென்கிழக்கே புஷ்னல்ஸ் பேசின் என்ற இடத்தில் கரை உடைந்து வீடுகள் சேதமாயின. கரையில் வளர்ந்துள்ள மரங்களின் வேர் மண்ணைத் துளைத்துக் கசிவை உண்டாக்கும் என்று நிர்வாகம் மரங்களை வெட்டத் தொடங்கியபோது, நிழல் போகிறது என்று கரையோர மக்கள் எதிர்த்தார்கள். வழக்கு வரை போயிற்று. ஏரிக் கரையில் மரம் வைக்கலாமா கூடாதா என்ற தகராறு எல்லா நாட்டிலும் இருக்கிறது போலும்.

கூட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

லாக்கினுள் பயன்படும் இடம் 300 அடிக்கு 43 அடி இருப்பதால் இரு சுவர் ஓரமும் சேர்த்து இருபது சிறுபடகுகள் கூட நிற்கும். ஆனால் இரவு தங்கும் ஊர்களில் படித்துறைச் சுவர் அவ்வளவு நீளம் கிடையாது. மற்றப் படகுகளுக்கும் இடம் விட வேண்டும். ஆகவே ஆறு படகு உத்தமம், எட்டுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் ஆட்கள் இருந்தால் இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒரு நாள் இடைவெளியில் அனுப்புவது நல்லது.

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே எல்லோரும் ஒருமுறை கூடிப் பேச வேண்டும். ஒவ்வொரு படகின் நீளம், மோட்டாரின் சக்தி, பெட்ரோல் தொட்டியின் கொள்ளளவு, சாதாரண வேகம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் யார் சிறியவர், யார் மெதுவானவர் என்பது விளங்கிவிடும். பெட்ரோல் நிரப்பும் இடங்களை மிகச் சிறிய தொட்டி உள்ள படகை வைத்தே குறிக்க வேண்டும். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் மிச்சம் இருக்கட்டும். நியூயார்க் மாநிலச் சட்டப்படி 2025 ஜனவரி 1 முதல் மோட்டார் படகு ஓட்டும் எவரும் படகுப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வைத்திருக்க வேண்டும். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள் மேல்தளத்தில் இருக்கும்போது மிதவைச் சட்டை அணிந்தே இருக்க வேண்டும். பெரியவர்களும் லாக்கினுள் அணிந்துகொள்வது புத்திசாலித்தனம்.

முதல் படகில் வழி தெரிந்தவர் இருக்க வேண்டும். லாக்கை நெருங்கும்போது ரேடியோவில் 13வது சானலில் லாக் காவலரைக் கூப்பிட்டு, எத்தனை படகு, எந்தத் திசை என்று சொல்வது அவர் பொறுப்பு. ரேடியோ இல்லாவிட்டால் ஹாரனை நீளமாக மூன்று முறை ஒலிக்கலாம். மெதுவான படகு இரண்டாவதாக வரட்டும். அதைக் கடைசியில் விட்டால் மற்றவர்கள் லாக் வாசலில் அரைமணி நேரம் முணுமுணுத்துக்கொண்டு காத்திருப்பார்கள். மோட்டார் ரிப்பேர் தெரிந்தவர் கடைசிப் படகில் வர வேண்டும். வழியில் நின்றுபோன படகைத் தாண்டித்தான் அவர் வந்தாக வேண்டும் அல்லவா?

லாக்கினுள் படகைக் கட்டுவது எப்படி என்பதில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். சுவரில் தொங்கும் கயிற்றையோ குழாயையோ பிடித்துக்கொள்ள வேண்டுமே தவிர முடிச்சுப் போடவே கூடாது. முடிச்சுப் போட்டுவிட்டால் தண்ணீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கிக் கவிழும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நின்று கயிற்றை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். கயிற்றில் பாசியும் சேறும் படிந்திருக்கும். ஆகவே கையுறை தேவை. இரு பக்கமும் மோதல் தாங்கிகள் தொங்கவிட வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட வேண்டும்.

மிளகுப் புதினாவும் சதுப்பும்

ராச்செஸ்டருக்குக் கிழக்கே ஒரு நாள் பயணத்துக்கு மேல் உள்ளது லயன்ஸ். கால்வாய் ஓரமாக ஹாட்ச்கிஸ் என்ற பழைய புதினா எண்ணெய்க் கம்பெனியின் கட்டடம் இன்னும் இருக்கிறது. 1839ல் ஹைரம் ஹாட்ச்கிஸ் தொடங்கிய தொழில் அது. சுற்று வட்டார விவசாயிகள் பெப்பர்மின்ட் புதினா பயிரிட்டு எண்ணெய் வடித்துக் கொடுத்தார்கள். 1851ல் லண்டன் பொருட்காட்சியில் அந்த எண்ணெய்க்குப் பதக்கம் கிடைத்தது. கூட்டம் அரை நாள் தங்கிப் பார்க்கத் தகுந்த ஊர்.

அப்பால் மான்டசூமா சதுப்பு. கால்வாயை மூன்றாம் முறை அமைத்தபோது ஆற்று மட்டம் தாழ்ந்து சதுப்பின் பெரும்பகுதி வடிந்துபோயிற்று. 1938ல் பறவைக் காப்பகமாக அறிவித்துத் தண்ணீரைத் திரும்பத் தேக்கினார்கள். இங்கே ஊர்கள் தூரம் தூரமாக இருக்கின்றன. பெட்ரோலையும் குடிநீரையும் முன்னரே நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.

ஒனைடா ஏரியில் ஒரு நாள் பொறுத்தால்

வழியிலேயே அச்சப்பட வேண்டிய இடம் ஒனைடா ஏரி. மேற்குக் கரையில் புரூவர்டன், கிழக்குக் கரையில் சில்வன் பீச். இடையே சுமார் 21 மைல். ஆழம் குறைந்த ஏரி ஆனதால் மேற்குக் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலும் அலை செங்குத்தாக எழும்பும். கால்வாயில் சாதுவாக வந்த 20 அடிப் படகு இங்கே தடுமாறிப் போகும். கிழக்கே போகிறவர்களுக்கு அலை பின்புறமிருந்து தள்ளும். அது எளிது போலத் தோன்றும். சில்வன் பீச் முகத்துவாரத்தை நெருங்கும்போதுதான் படகு பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும் அபாயம் தெரியும்.

ஆகவே புரூவர்டனில் முந்திய நாள் மாலையே தங்கி, வானிலை அறிவிப்பைக் கேட்டு, காற்று எழும்பாத விடியற்காலையில் ஏரியைக் கடக்க வேண்டும். காற்று இருந்தால் அன்று புறப்படவே கூடாது. கூட்டத்தில் பெரிய படகு வைத்திருப்பவர் நமக்கென்ன என்பார். சின்னப் படகுக்காரர் பயமில்லை என்று வீம்புக்குச் சொல்வார். இந்த இரண்டு பேச்சையும் கேட்கக் கூடாது. சிறிய படகில் இருப்பவர் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் எல்லோரும் தங்குவது என்று புறப்படுவதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கணக்கில் சேர்த்த நான்கு நாளில் இரண்டு இந்த ஏரிக்காகவே என்றாலும் தவறில்லை.

மொஹாக்கும் கடைசிப் படிகளும்

ரோம் நகரைத் தாண்டிய பிறகு மொஹாக் ஆற்றுப் பள்ளத்தாக்கு. லிட்டில் பால்ஸில் உள்ள லாக் 17 ஒரே மூச்சில் 40 அடி இறக்கிவிடும். மற்ற லாக்குகளின் கதவுகள் இரு பக்கமும் திறக்க, இதன் கீழ்க் கதவு மட்டும் கிலட்டின் போல மேலே தூக்கப்படுகிறது. அதன் அடியில் போகும்போது தலையில் தண்ணீர் சொட்டும்.

இப்பகுதியில் கால்வாயே ஆறு. பெருமழை பெய்தால் வெள்ளம் வரும். அப்போது தடுப்பணைப் பலகைகளைத் தூக்கிவிட்டுப் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். 2006 ஜூன் மாத வெள்ளத்திலும், 2011ல் ஐரீன் புயல் மழையிலும் லாக்குகளும் அணைகளும் பலத்த சேதம் அடைந்தன. மழை அறிவிப்பு இருந்தால் கூட்டம் லாக்குக்கு மேலே ஊர்ச் சுவர் ஓரம் பத்திரமாகத் தங்கிவிட வேண்டும்.

கடைசியில் வாட்டர்போர்டில் 6 முதல் 2 வரை ஐந்து லாக்குகள் படிக்கட்டுப் போல அமைந்திருக்கின்றன. ஒன்றரை மைலுக்குள் 165 அடிக்கு மேல் இறக்கம். இடையில் தங்க இடமில்லை. இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் கைவசம் இருந்தால்தான் இறங்கத் தொடங்க வேண்டும்.

பலர் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு. படகுகள் வாட்டர்போர்டில் இருக்கும், காரும் டிரெய்லரும் டொனவாண்டாவில் கிடக்கும். ஓட்டுநர்கள் மட்டும் ஸ்கெனக்டடியிலிருந்து ரயிலில் பப்பலோ போய் வண்டிகளை ஓட்டி வரலாம். பாதி வழி அந்த ரயில் கால்வாயை ஒட்டியே போகிறது. ஒரு பகல் போக, மறு பகல் திரும்ப. இரவு தங்கும் செலவையும் அந்த இரண்டு நாளையும் இரண்டு வாரத்துக்கு வெளியே தனியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அக்டோபரில் வருகிற கூட்டம் இதை இன்னும் கவனிக்க வேண்டும். கால்வாய் அடைபடும் தேதிக்கு முன்னால் படகைக் கரையேற்றியாக வேண்டும். லாக் காவலர் கதவைச் சாத்திய பிறகு எவ்வளவு ஹாரன் அடித்தாலும் பயனில்லை.